வலது பக்கம் ஒரு படி இருக்கு

எங்கள் கம்பெனியின் இருட்டறையை இடிக்கப் போகிறார்கள் என்று நித்யா போனில் சொன்னபோது, நான் செங்கல்பட்டு மார்க்கெட்டில் ஒரு மீன்காரம்மாவோடு வஞ்சிரத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். சண்டையைப் பாதியில் விட்டதால் அந்த அம்மா சொன்ன விலைக்கே வாங்கும்படி ஆயிற்று.

"மேடம், ரூம் போகுது. புது ஹெட்செட் வந்துடுச்சுல்ல, இனிமே இருட்டே தேவையில்ல. அதுக்குள்ள ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போங்க. அப்படியே நம்ம ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதியும் குடுங்க. புதுசா சேர்ந்த பசங்களுக்கு இருட்டறைன்னா சினிமா தியேட்டர்னு நெனப்பு."

"ஹெட்செட் டிரயல் முடிஞ்சுதா?"

"எங்க முடியுது! ஒரு கர்னல் வந்திருக்கார். ஒவ்வொரு ஹெட்செட்டையும் அவரே மாட்டிக்கிட்டு அரை மணி நேரம் உக்காந்து பாத்துட்டுத்தான் பசங்க கையில குடுக்கறார். எங்க உயிர் போகுது."

நித்யா, நான் ஓய்வு பெறும்வரை உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள். பிடித்தால் விடமாட்டாள். அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இருட்டறை போவதில் எனக்கு வருத்தம் இல்லை. என் இடுப்புவலியில் பாதி அதைக் கட்டிக் காத்ததால் வந்தது. புது ஹெட்செட் கண்ணுக்குள்ளேயே படத்தைக் கொண்டுபோய் வைத்துவிடுகிறது. நல்லதுதான். நான் எழுதுவது அந்த அறைக்காக இல்லை. அந்த அறையில் எனக்கு வாய்த்த மனிதர்களுக்காக.

நாங்கள் செய்தது என்னவென்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ராணுவத்தில் ஹெலிகாப்டர் ஓட்டுகிறவர்கள் இரவில் காகிள்ஸ் போட்டுக்கொண்டு பறப்பார்கள். நட்சத்திர வெளிச்சம் இருந்தால் போதும், அந்தச் சொற்ப வெளிச்சத்தைப் பல மடங்காக்கி, உலகத்தைப் பச்சை நிறத்தில் காட்டும் கருவி அது. அதை மாட்டிக்கொண்டு நேராக வானத்தில் ஏறிக் கற்றுக்கொள்ள முடியாது. தரையிலேயே, ஓர் அறைக்குள், வளைந்த திரையின் முன்னால் ஹெலிகாப்டர் இருக்கை போட்டு, பொய்யாக ஒரு கடற்கரையைக் காட்டிப் பழக்க வேண்டும். அதற்குப் பெயர் சிமுலேட்டர். திரையில் விழும் படம் நட்சத்திர வெளிச்சத்தின் அளவுதான் இருக்கும். வெறுங்கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. காகிள்ஸ் போட்டால் கடல், சவுக்குத் தோப்பு, மணல் எல்லாம் தெரியும். அதனால் அந்த அறையில் ஒரு பொட்டு வெளிச்சம்கூட இருக்கக் கூடாது. அந்த இருட்டைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. ஊரில் எல்லாரும் விளக்கேற்றிப் பிழைத்தார்கள், நான் அணைத்துப் பிழைத்தேன்.

எங்கள் அத்தாவுக்குச் செங்கல்பட்டு கடைத்தெருவில் துணிக்கடை. எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து, கல்யாணமும் முடித்து, மறைமலைநகருக்குக் கம்பெனி பஸ்ஸில் போக ஆரம்பித்தேன். சுற்றிலும் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலைகள். நடுவில் எங்கள் கட்டடம் மட்டும் ஜன்னலே இல்லாமல் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கும். பஸ்ஸில் வருகிறவர்கள், "உள்ள இன்னாதான் பண்றீங்க?" என்று கேட்பார்கள். "பகல்லயே ராத்திரி பண்றோம்" என்றால் சிரித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நான் சொன்னது உண்மை என்று ஒருவரும் நம்பியதில்லை.

சாலமன் சார் எங்கள் பிரிவின் தலைவர். ஒல்லியான உருவம், சத்தம் வராத செருப்பு. யாரையும் அதட்டி நான் கேட்டதில்லை. என்னை மட்டும் பெயர் சொல்லி நீ, வா, போ என்பார். மற்ற எல்லாரும், தரை கூட்டுகிறவர் உட்பட, நீங்கதான். ஏன் எனக்கு மட்டும் இந்த மரியாதைக் குறைவு என்று ஒருநாள் கேட்டேன். "என் தங்கச்சிய நான் அப்படித்தான் கூப்பிடுவேன்" என்றார். அதற்குமேல் எதைக் கேட்பது?

வேலை பழகிய காலத்தைப் பற்றி ஒரே ஒரு சம்பவம் சொன்னால் போதும். அறைக்குத் திரைச்சீலை வேண்டும், துணிக்கடைக்காரர் மகள்தானே, நல்ல கறுப்புத் துணியாக வாங்கி வா என்றார் சார். அத்தா தன் கடையிலேயே உயர்ந்த கறுப்பை எடுத்துக் கொடுத்தார். புர்கா தைக்கிற துணி. "இதைவிடக் கறுப்பு தமிழ்நாட்டிலேயே கிடையாது" என்று சத்தியம் செய்தார். மாட்டினேன். சார் விளக்கை அணைத்து, ஒரு துளி வெளிச்சம் விட்டு, காகிள்ஸை என்னிடம் நீட்டினார். பார்த்தால் திரைச்சீலை வெள்ளை வேட்டி மாதிரி பளீரென்று தொங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத சிவப்பொளி ஒன்று உண்டு. சில கறுப்புச் சாயங்கள் அதை விழுங்காமல் அப்படியே திருப்பி அனுப்பிவிடும். நம் கண்ணுக்குக் கறுப்பு, காகிள்ஸுக்கு வெள்ளை. சார் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. "என்ன பாக்குற? என்ன நினைக்கிறன்னு கேக்கல, என்ன பாக்குற?" என்று மட்டும் கேட்டார். வேலையில் இருந்த காலம் முழுக்க அவர் கேட்ட கேள்வி அது ஒன்றுதான். பிறகு கடைத்தெருவில் இருந்த கறுப்பையெல்லாம் சாம்பிள் வாங்கிச் சோதித்து, கடைசியில் குடைக்காரர் ஒருவர் கொடுத்த துணி தேறியது. அத்தா ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

பயிற்சிக்கான கடற்கரையை உருவாக்க, நிஜக் கடற்கரை காகிள்ஸில் எப்படித் தெரிகிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. நிலா இல்லாத நாட்களில், இருட்டியதும் திருவிடந்தைப் பக்கம் போவோம். முதல் தடவை என் கணவரும் கூடவே வந்துவிட்டார். "பொம்பளைக்குக் கடற்கரையில என்ன ஆபீஸ் வேலை" என்று வழியெல்லாம் முணுமுணுப்பு. சார் காகிள்ஸை அவர் கையில் கொடுத்தார். பகலில் கறுத்துக் கிடக்கும் சவுக்குத் தோப்பு வெளுத்து நின்றது. கடல் மசி போலக் கிடந்தது. அவர் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். "யா அல்லாஹ், இவ்வளவா இருக்கு?" என்றார். கண்ணால் எண்ணக்கூடிய நட்சத்திரங்களுக்குப் பின்னால் அத்தனை நட்சத்திரங்கள். அதற்குப் பிறகு என் வேலையைப் பற்றி அவர் ஒரு கேள்வி கேட்டதில்லை. என் கணவரையும் என் வேலையையும் ஒரே நேரத்தில் எனக்குக் காப்பாற்றிக் கொடுத்தவர் சாலமன் சார்.

இருட்டறைக்குள் போவதற்கு ஒரு சடங்கு இருந்தது. கைக்கடிகாரம், போன், டார்ச் எல்லாவற்றையும் வெளியே தட்டில் வைக்க வேண்டும். உள்ளே எந்தக் கருவியிலாவது பொட்டு விளக்கு எரிந்தால் கறுப்பு டேப் ஒட்ட வேண்டும். பயிற்சி நடக்கும்போது வெளி வராந்தாவிலும் விளக்கு எரியாது. கதவைத் தாண்டியதும் வலது பக்கம் ஒரு படி உண்டு. கட்டடம் கட்டியவர் எந்தக் கனவில் கட்டினாரோ, அதில் தடுக்கி விழாதவர் கிடையாது. அதனால் உள்ளே வருகிற ஒவ்வொருவரிடமும், "வலது பக்கம் ஒரு படி இருக்கு, பார்த்து" என்று சொல்வது என் வேலையில் ஒன்றாகிவிட்டது. பயிற்சிக்கு வரும் அதிகாரிகள் மங்கிய சிவப்பு விளக்கு எரியும் பக்கத்து அறையில் கண்ணைப் பழக்கிக்கொண்டு, விளக்கு அணைந்த பிறகுதான் இன்னொரு கதவு வழியாக உள்ளே வருவார்கள். அங்கும் அதே போல ஒரு படி. எனக்கு அவர்களில் பெரும்பாலோர் வெறும் குரல்கள், அவர்களுக்கு நான் ஒரு குரல்.

இதைவிட முக்கியமான சடங்கு ஒன்று உண்டு. படத்தில் ஏதாவது குறை என்று யார் சொன்னாலும், சொன்னவர், செய்தவர், மேலதிகாரி எல்லாரும் முதலில் விளக்கை அணைத்துவிட்டு அரை மணி நேரம் சும்மா உட்கார வேண்டும். கண் இருட்டுக்குப் பழக அவ்வளவு நேரமாகும் என்பதுதான் காரணம். ஆனால் அந்த அரை மணியில் நடந்ததெல்லாம் கண் சம்பந்தப்பட்டதல்ல. இருட்டில் தோள்பட்டையில் என்ன பட்டை இருக்கிறது என்று தெரியாது. யார் முகம் சுளிக்கிறார்கள் என்று தெரியாது. வெளிச்சத்தில் வாய் திறக்காதவர்கள் அங்கே பேசுவார்கள். லீவு கேட்பதுகூட நாங்கள் அங்கேதான் கேட்போம்.

நோன்பு மாதத்தில் எனக்கு ஒரு சிரமம் இருந்தது. உள்ளே கடிகாரம் கிடையாது, பாங்கு கேட்காது. எங்கள் எலெக்ட்ரீஷியன் தட்சிணாமூர்த்திதான் அதற்கு வழி செய்தார். சூரியன் மறைகிற மஃரிப் நேரத்துக்குக் கதவருகே வந்து இரண்டு தட்டுத் தட்டுவார். திறக்க மாட்டார், தட்டுவதோடு சரி. நான் கைப்பையிலிருக்கும் பேரீச்சம்பழத்தால் நோன்பு திறப்பேன். சாருக்கும் ஒன்று நீட்டுவேன். சார் ஜெபம் செய்துவிட்டுச் சாப்பிடுவார். வெளியே வந்தால் தட்சிணாமூர்த்தி, "இன்னா மேடம், கரீட்டா தட்னேனா?" என்பார். ஒருநாளும் தவறியதில்லை.

அப்படி ஒரு நோன்பு மாதத்தில்தான் அந்தச் சம்பவம் நடந்தது.

மேஜர் விஸ்வநாதன் என்ற பயிற்சியாளர் ஒரு குழுவோடு வந்திருந்தார். அவர்களுடைய கட்டடம் தயாராகாததால் பயிற்சி எங்கள் வளாகத்திலேயே நடந்தது. கடல் பக்கமிருந்து வந்து, சவுக்குத் தோப்பை ஒட்டிய வெட்டவெளியில் ஹெலிகாப்டரை இறக்க வேண்டும், இதுதான் பாடம். காலையில் சிலர், மாலையில் சிலர். மூன்று முறை தவறினால் இரவுப் பறத்தலிலிருந்து நீக்கிவிடுவார்கள். நீக்கப்பட்டவருக்கு அந்தப் பாதை திரும்பத் திறப்பது அரிது. முந்தைய வாரம்தான் இளங்கோ என்றொரு கேப்டன் அப்படித் திருப்பி அனுப்பப்பட்டிருந்தார். இறங்கும் நேரத்தில் இடது பக்கமாக நழுவி நழுவிப் போய்விட்டாராம். என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, "ஒண்ணும் இல்ல சார், என் தப்புதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இப்போது மாலை நேரக்காரரான கேப்டன் பிரசன்னாவும் அதே இடத்தில் மூன்று முறை நழுவினார். ஆனால் இவர் சும்மா இருக்கவில்லை. "இடது பக்கம் ஒரு லைட் தெரியுது சார்" என்றார்.

மேஜர் முன்னால் இருந்த மானிட்டரில் அப்படி எந்த விளக்கும் இல்லை. கம்ப்யூட்டர் என்ன வரைகிறதோ அதுதான் அந்த மானிட்டரில் வரும். நான் எங்கள் கடற்கரையில் இருந்த விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தேன். கலங்கரை விளக்கம், சாலை விளக்குகள், படகு விளக்குகள், எல்லாம் சரியாக இருந்தன. காகிள்ஸை மாற்றினோம். புரொஜெக்டரை அளந்தோம். தினமும் காலையில் யாரும் வருவதற்கு முன் நான் காகிள்ஸ் போட்டு அறையைச் சுற்றிப் பார்ப்பேன், அன்றும் பார்த்திருந்தேன். ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை.

மேஜர் கெட்டவர் இல்லை. தப்பாக ஒருவரைத் தேர்ச்சி பெற விட்டால், அவர் நாளைக்கு ஏழெட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு நிஜக் கடலில் விழுவார் என்ற பயம் அவருக்கு. அந்தப் பயம் நியாயமானது.

"சார், அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பயந்துட்டார், அவ்வளவுதான். நாளைக்கு ரிப்போர்ட் அனுப்பிடறேன்" என்றார். பிரசன்னா அங்கேயே நின்றுகொண்டிருந்தார். அவர் கையிலிருந்த கையுறையைத் திருகிக்கொண்டே இருந்தது எனக்கு நினைவிருக்கிறது.

"அனுப்புங்க மேஜர்" என்றார் சார். "முதல்ல மெஷின், அப்புறம்தான் மனுஷன். அரை மணி நேரம் உக்காந்துட்டு அனுப்புங்க."

உட்கார்ந்தோம். ஹெலிகாப்டர் இருக்கையில் மேஜரை உட்காரச் சொன்னார் சார். அந்தப் பயிற்சி தொடங்கியதிலிருந்து மேஜர் அந்த இருக்கையில் உட்காருவது அதுதான் முதல் தடவை. பிரசன்னா அவருக்குப் பின்னால். சாரும் நானும் ஓரத்தில். விளக்கை அணைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து சார் தன் கேள்வியைக் கேட்டார். "பிரசன்னா, நீங்க என்ன பாத்தீங்க? என்ன நினைச்சீங்கன்னு கேக்கல."

இருட்டில் அந்தப் பையன் குரல் மெதுவாக வந்தது. "கீழ, இடது ஓரத்துல, சாம்பல் மாதிரி லேசா ஒரு வெளிச்சம் சார். வரும், போயிடும். நான் மெஷினைத் திருப்பினாலும் அது நகராது. கூடவே வரும்."

கூடவே வரும் என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் கடற்கரையில் நாங்கள் வைத்த விளக்கு எதுவானாலும், ஹெலிகாப்டர் திரும்பினால் திரையில் நகர்ந்தாக வேண்டும். நகராத வெளிச்சம் என்றால் அது அந்தக் கடற்கரையில் இல்லை. திரையின் மேல் விழுகிறது. நகராத ஒரு வெளிச்சத்தைக் கரை விளக்கு என்று நம்பினால், தான் நழுவுவதாகத் தோன்றும். சரிசெய்யப் போய் நிஜமாகவே நழுவுவார்கள்.

"சார்..." என்றேன்.

"கேட்டேன் ஹாஜிரா. எல்லாரும் காகிள்ஸ் போடுங்க. காத்திருப்போம்."

காத்திருந்தோம். ஒன்றும் வரவில்லை. பச்சைக் கடல், வெளுத்த தோப்பு, அவ்வளவுதான். அரை மணியும் கடந்திருக்கும். மேஜர் எழப்போகும் சத்தம் கேட்டது. "போதும் சார். நான் கேட்டுப் பாத்துட்டேன், உக்காந்தும் பாத்துட்டேன்."

அப்போது கதவில் இரண்டு தட்டு விழுந்தது.

"மேடம், டைம் ஆயிடுச்சு" என்று தட்சிணாமூர்த்தி குரல்.

"இருங்க" என்றார் மேஜர். "இருங்க, இருங்க. லைட்!"

திரையின் இடது ஓரத்தில், கீழே, யாரோ ஊதிவிட்ட புகைபோல ஒரு வெளிச்சம். நானும் பார்த்தேன். காகிள்ஸைத் தூக்கினால் ஒன்றுமில்லை, கும்மிருட்டு. போட்டால் இருக்கிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிட்டது.

"தட்சிணாமூர்த்தி, அங்கேயே நில்லுங்க!" என்று சார் குரல் கொடுத்தார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

"இன்னா சார்? நோன்பு தொறக்கச் சொல்லத்தான் வந்தேன். நான் இன்னா பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல. நாலு அடி பின்னால போங்க. மறுபடி வாங்க."

வந்தார். வெளிச்சம் வந்தது. போனார், போயிற்று. மூன்றாம் தடவை நடக்கச் சொன்னபோது அவருக்குப் பொறுமை போய்விட்டது. "இன்னா சார் பேஜாரா கீது, பரேடு வுடுறீங்க? நான் வந்தாக்கா இந்த மூஞ்சி பாக்குற மெசினு வேற முயிச்சிக்கினு என்னையே பாக்குது!"

அதுதான். இரண்டு வாரத்துக்கு முன்னால் நிர்வாகத்தில் வருகைப் பதிவுக்கென்று முகம் பார்க்கும் மெஷின் ஒன்றை வாங்கி வராந்தாச் சுவரில் மாட்டியிருந்தார்கள். அன்றே தட்சிணாமூர்த்தி என்னிடம் வந்து, "அதுல பச்ச லைட்டு ஒண்ணு கீது மேடம், டேப்பு ஒட்டிட்டேன். உன் இருட்டுக்கு ஒண்ணும் ஆவாது, நீ கவலப்படாத" என்று சொல்லியிருந்தார். பாவம், அவர் கண்ணுக்குத் தெரிந்த விளக்கை அவர் மூடிவிட்டார். ஆனால் இருட்டில் ஒரு முகம் எதிரே வந்தால், அந்த மெஷின் நம் கண்ணுக்குத் தெரியாத சிவப்பொளியை அடித்துத்தான் முகத்தைப் பார்க்கும். கதவுக்கு மேலே ஏசி காற்றுக்காக விட்ட திறப்பு வழியாக அது உள்ளே வந்து திரையின் ஓரத்தில் விழுந்திருக்கிறது. யாரும் எதிரே இல்லாத காலையில் அது தூங்கும். மாலையில் ஒவ்வொருவராக வேலை முடிந்து முகம் காட்டிவிட்டுப் போகும்போது விழிக்கும். அத்தா கொடுத்த கறுப்புத் துணி எனக்கு ஞாபகம் வந்தது.

இருட்டிலேயே பேரீச்சம்பழத்தை எடுத்தேன். "எனக்கும் ஒண்ணு குடுங்க மேடம்" என்றார் மேஜர். கொடுத்தேன். பின்னால் திரும்பி, "பிரசன்னா, சாரி" என்றார். ஒரு மேஜர் ஒரு கேப்டனிடம் அந்த வார்த்தையை வெளிச்சத்தில் சொல்லியிருப்பாரா தெரியாது.

கதையை இங்கேயே முடித்துவிடலாம்தான். நாங்களும் சந்தோஷத்தில் அப்படித்தான் நினைத்தோம். சார் மட்டும், "அந்த மெஷினை மாட்டினதுக்கு அப்புறம் சாயங்காலத்துல வேற யாரெல்லாம் இந்த சீட்ல உக்காந்தாங்க?" என்று கேட்டார்.

மேஜர் காகிள்ஸைக் கழற்றி வைக்கும் சத்தம் கேட்டது.

"இளங்கோ" என்றார் மேஜர்.

மறுநாள் நிர்வாகத்தில் சொன்னது, மெஷினைச் சத்தமில்லாமல் வேறு சுவருக்கு மாற்றிவிடுங்கள், எழுத்தில் எதுவும் வேண்டாம் என்று. எழுதினால் சிமுலேட்டரை முழுக்க மறுபடி சோதிக்கச் சொல்வார்கள், ஒப்படைப்பது தள்ளிப்போகும். சார் எழுதினார். தள்ளித்தான் போயிற்று. அந்த வருடம் சாருக்குக் கிடைத்திருக்க வேண்டிய பதவி உயர்வு கிடைக்கவில்லை. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று நிர்வாகம் சொன்னது. சாரும் அதையே சொன்னார். நிர்வாகம் சொன்னதை நான் நம்பவில்லை. சார் சொன்னதை, சார் சொன்னார் என்பதற்காக நம்பியதாகக் காட்டிக்கொண்டேன்.

இளங்கோவை மேஜர் திரும்பக் கூட்டி வந்தார். சிமுலேட்டர் சரியாகிவிட்டது, மறுபடி ஓட்டுங்கள் என்று சொல்லியிருக்கலாம். சார் சம்மதிக்கவில்லை. அந்த மெஷினை அதுவரை பழைய இடத்திலேயே விட்டு வைத்திருந்தார். "அவருக்கு அதைக் காட்டணும்" என்றார்.

விளக்கு அணைந்தது. பக்கத்து அறைக் கதவு திறந்தது. "வலது பக்கம் ஒரு படி இருக்கு, பார்த்து" என்றேன். காலடி கவனமாக இறங்கியது. உட்கார்ந்தார். எல்லாரும் காகிள்ஸ் போட்டுக்கொண்டோம்.

"அன்னைக்கு நீங்க என்ன பாத்தீங்க?" என்று கேட்டார் சார்.

"ஒண்ணும் இல்ல சார்."

சார் வற்புறுத்தவில்லை. தொண்டையைச் செருமினார். அது வெளியே நின்ற தட்சிணாமூர்த்திக்குச் சொல்லி வைத்த அடையாளம். அவர் நடந்து வந்தார். திரையின் இடது ஓரத்தில் அந்தச் சாம்பல் வெளிச்சம் வந்தது.

"இப்ப?"

வெளிச்சம் போயிற்று. தட்சிணாமூர்த்தி மறுபடி வந்தார். மறுபடி வந்தது.

"லைட்... லைட் இருக்கு சார்."

"எனக்கும் தெரியுது இளங்கோ" என்றார் மேஜர்.

"எனக்கும்" என்றார் சார்.

என்னை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லத் தோன்றியது. "எனக்கும் தெரியுது சார்" என்றேன்.

பிறகு அந்த இருக்கையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பெரிய மனிதர்கள் அழக் கூடாது என்று பிடித்து வைத்து, முடியாமல் போகும்போது வருமே, அந்தச் சத்தம். எனக்குக் கை ஸ்விட்சுக்குப் போயிற்று. வேலை முடிந்ததும் விளக்கைப் போடுவது என் வழக்கம்.

"வேண்டாம் ஹாஜிரா" என்றார் சார். "இருக்கட்டும்."

அப்படியே இருந்தோம். அவராகப் பேசினார். யாருக்கும் தெரியாமல் சென்னைக்குப் போய்க் கண் ஆஸ்பத்திரியில் காட்டினாராம். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார்களாம். அதைக் கேட்ட பிறகுதான் நிஜமாகவே பயம் வந்ததாம். கண் சரியாக இருந்தும் இல்லாத விளக்கு தெரிகிறது என்றால், கெட்டுப்போனது வேறெதுவோ என்று. மனைவியிடம்கூடச் சொல்லவில்லையாம். பறப்பதையே விட்டுவிடுவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டு, கொடுக்காமல் சட்டைப் பையில் வைத்திருந்தாராம். யாரும் ஆறுதல் சொல்லவில்லை. மூன்று பேர் இருட்டில் அவரோடு உட்கார்ந்திருந்தோம், அவ்வளவுதான். அழுது முடித்து, வந்த கதவு வழியாகவே போனார். அவர் போய்க் கதவு சாத்திய பிறகுதான் சார் என்னை விளக்குப் போடச் சொன்னார்.

பிரசன்னாவும் இளங்கோவும் தேறிவிட்டதாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன்.

சாலமன் சார் இப்போது நாவலூரில் மகளோடு அடுக்குமாடிக் குடியிருப்பில், மேல் மாடி ஒன்றில் இருக்கிறார். போனால் பால்கனிக்குக் கூட்டிப்போய் ராத்திரி வெளிச்சத்தையெல்லாம் காட்டி, "இத்தனை லைட்டைப் போட்டா நட்சத்திரம் எப்படித் தெரியும் ஹாஜிரா?" என்று அலுத்துக்கொள்கிறார். இவரிடம் நான் ஒருநாளும் முறையாக நன்றி சொன்னதில்லை. சொன்னால், "எதுக்கு?" என்பார். எங்கிருந்து ஆரம்பிப்பது?

போன வாரம் நித்யா கூப்பிட்டபடி போனேன். தட்சிணாமூர்த்தியும் வந்திருந்தார். அவரும் ஓய்வு பெற்றாயிற்று. "இன்னா மேடம், எளச்சிட்ட? மாமா சோறு போட்றாரா இல்லியா?" என்றார். இருட்டறையில் டியூப் லைட் எரிந்தது. அந்த அறையை நான் அவ்வளவு வெளிச்சத்தில் பார்த்ததே கொஞ்சம்தான். கறுப்புச் சுவரெல்லாம் உரிந்து, இவ்வளவு சின்ன அறையா என்று இருந்தது. குடைத்துணித் திரைச்சீலை மட்டும் அப்படியே இருந்தது.

ஹெட்செட் பயிற்சிக்கு வந்த இளம் அதிகாரிகளுக்கு நித்யா அறையைச் சுற்றிக் காட்டிக்கொண்டு வந்தாள். சிரிப்பும் பேச்சுமாகக் கதவு வழியாக நுழைந்தார்கள். என் வாய் என்னைக் கேட்கவில்லை.

"வலது பக்கம் ஒரு படி இருக்கு, பார்த்து."

பட்டப்பகல் மாதிரி லைட் எரிகிறது. பையன்களும் பெண்களும் படியைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். கடைசியாக வந்தவர் மட்டும் சிரிக்கவில்லை. படியில் ஒரு காலை வைத்தபடி நின்றுவிட்டார். நரை கலந்த மீசை, கையில் ஒரு ஹெட்செட். நித்யாவின் உயிரை எடுத்துக்கொண்டிருந்த கர்னல்.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார்.

எனக்குப் புரியவில்லை. சொன்னேன்.

"எனக்கும் தெரியுது சார்னு சொன்னது நீங்கதானே?"

அந்தக் குரலை நான் ஒரே ஒருநாள்தான் கேட்டிருக்கிறேன். முகத்தை அப்போதுதான் முதல் தடவை பார்க்கிறேன். சாந்தமான, கொஞ்சம் தூக்கம் குறைந்த முகம்.

"சாலமன் சாரை அப்பவே தேடிப் போய் நன்றி சொல்லிட்டேன்" என்றார் இளங்கோ. "மேஜர் சாருக்கும் சொல்லிட்டேன். உங்களுக்கு மட்டும்தான் சொல்ல முடியல மேடம். உங்க முகம் எனக்குத் தெரியாது."

பிள்ளைகளெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏதாவது பேசினால் அழுது மானம் போய்விடும் போலிருந்தது. ஸ்விட்சுக்குப் பக்கத்தில் நித்யா நின்றுகொண்டிருந்தாள்.

"நித்யா, அந்த லைட்டைக் கொஞ்ச நேரம் அணைச்சு வைம்மா" என்றேன்.